கனகலிங்கம் காணாத கும்பிடுபூச்சி

ஒட்டுசுட்டான்,
ஆவணி, ஞாயிறு

அன்புள்ள மகன் லக்ஷனுக்கு,

நீயும் அனோஜாவும் குழந்தையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். நான் சுகம். கண்ணும் புத்தியும் கூடச் சுகம். இல்லாத பூச்சியெல்லாம் அம்மாவின் கண்ணுக்குத் தெரிகிறது என்று உன் சித்தப்பா கனகலிங்கம் உனக்குப் போனில் சொன்னாராம். அது பொய். பூச்சி இருக்கிறது, அவருக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். தெருப்பக்கத்துக் கிளுவை வேலியை வெட்டி மதில் கட்டப் போகிறேன் என்று மேசனையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். வேலியில் கும்பிடுபூச்சி முட்டை வைத்திருக்கிறது, மாரி மழைக்குக் குஞ்சுகள் இறங்கும் வரை கத்தி வைக்க விடமாட்டேன் என்றேன். முட்டைக்கூட்டைக் காட்டினேன், இது கிளுவைப் பிசினெல்லோ அண்ணி என்றார். அவர் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி இருந்த பூச்சியையே காட்டினேன், இது சுள்ளி என்று சொல்லிவிட்டு மேசனைப் பார்த்துச் சிரித்தார். அந்த நேரம் காற்றுக்குக் கொப்பு ஆட, அதுவும் சுள்ளி மாதிரியே கூட ஆடியது. மாரியில் பச்சையாகத் திரிவது, இலை கொட்டும் கோடையில் தோல் கழற்றிக் கபில நிறமாகிவிடும். முட்டையை நுரையில் பொதிந்து ஒட்டும், நுரை இறுகிவிட்டால் இந்த வெயிலும் உள்ளே போகாது. அது செபம் செய்கிறது என்று கொன்வென்டில் மதர் சொன்னதும் பிழை, இரை கிட்ட வந்ததும் பாய்ந்து பிடிக்கத்தான் முள்ளுக் கைகளை மடித்து வைத்திருக்கிறது. என் பயற்றங்கொடியில் வெட்டுக்கிளி குறைந்தது அதனால்தான். தேனீயையும் தின்னும், அதை நான் மறைக்கவில்லை. வெள்ளை அடித்த மதிலில் அது எங்கே போய் ஒளியும், காகம் விட்டுவைக்குமா?

இப்போது அனோஜா போன் எடுத்து, மாமி, ஒருக்கா வவுனியாவில டொக்டரிட்டக் காட்டுங்கோவன் என்கிறாள். அவள் கேள்விப்பட்டதைச் சொல்கிறாள், அவளில் எனக்குக் கோபமில்லை. உன்னில்தான் கோபம். மதிலுக்கு லக்ஷன் ஓம் எண்டிட்டான், நீங்கள் ஏன் குறுக்க நிக்கிறியள் என்று என் வாசலிலேயே நின்று கேட்டார் உன் சித்தப்பா. மேசனும் கேட்டுக்கொண்டுதான் நின்றான். அப்பா போனபின், முகாமிலிருந்து திரும்பி வந்து, கரியாய்க் கிடந்த வீட்டு வளவில் அந்தக் கிளுவைக் கதியால்களைத் தனியாக நட்டவள் நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஓம் சொல்ல உனக்கு எப்படி மனம் வந்தது?

குளிர் தொடங்க முன் குழந்தைக்குக் காது மூடும் தொப்பி வாங்கு. அனோஜாவை இரும்புக் குளிசையை விடாமல் விழுங்கச் சொல். தான்தோன்றீசுவரர் உங்கள் மூவருக்கும் துணை நிற்பார்.

புரட்டாதிக் கடைசியில் மேசன் திரும்பவும் வருவானாம். போனில் சொல்வதைச் சித்தப்பா தன் வசதிக்குத் திருப்பிவிடுவார். ஆகையால் வேலி நிற்பதா இல்லையா என்று உன் கைப்பட எழுதி, கையொப்பம் வைத்து, என் பெயருக்கே தபாலில் அனுப்பு.

உன் அம்மா,
யோ. விமலேஸ்வரி