சுட ஏற்ற இடங்கள்: ஒன்பதாம் இதழைத் தீயிலிருந்து மீட்டுத் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
ஞா. சுந்தர்சிங், பி.ஏ.,
நடுநிலைப் பள்ளி உதவி ஆசிரியர்,
கோட்டாறு, நாகர்கோவில்.

பெறுநர்:
கனம் மாவட்டக் கலெக்டர் அவர்கள்,
கன்னியாகுமரி மாவட்டம்,
நாகர்கோவில்.

பொருள்: ‘படநோக்கு’ என்னும் மாணவர் கையெழுத்துப் பத்திரிகையின் ஒன்பது இதழ்கள் – 1954 ஆகஸ்டில் காவல்துறை கைப்பற்றியவை – இம்மாதக் கடைசியில் பழைய தாள்களோடு எரிக்கப்படுமுன் மீட்டுத் தர வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் கருங்கல்லைச் சேர்ந்த த. செல்வதாஸும் 1951 முதல் நாகர்கோவிலில் ஒரே கல்லூரியில், ஒரே வகுப்பில் பயின்றோம். சினிமாவைப் பார்ப்பதோடு நில்லாமல் அதைப் பாடம் போலப் படிக்க வேண்டும் என்ற கிறுக்கு இருவருக்கும் இருந்தது. 1952 ஜனவரியில் ‘படநோக்கு’ என்ற பத்திரிகையைத் தொடங்கினோம். அதில் நடிகர் நடிகையர் செய்தி கிடையாது. டூரிங் கொட்டகையில் ஒரே படத்தை நான்கு தடவை பார்த்து, கேமரா எங்கே நின்றது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுந்தது என்றெல்லாம் எழுதுவோம். ஆறாம் இதழில் டெலிவிஷன் பற்றி இருபது பக்கம் எழுதினோம். அந்தக் கருவியை எங்களில் எவரும் கண்ணால் கண்டதில்லை. தங்களுக்குச் சிரிப்பு வரலாம். எங்களுக்கு அன்று வரவில்லை.

2. அச்சுப் போட வசதியில்லாததால் ஒவ்வோர் இதழுக்கும் ஒரே ஒரு படிதான். அது விடுதியிலும் வகுப்பிலும் கை மாறிப் போகும். படித்தவர்கள் கடைசிப் பக்கங்களில் கருத்தெழுதுவார்கள். “கேமரா, கேமரா என்கிறீர்களே, கதை எங்கே?” என்று ஒருவர் ஒன்பது இதழிலும் விடாமல் எழுதியிருக்கிறார். பிறர் கட்டுரைகளைச் சிவப்பு மையால் திருத்துவது ஆசிரியனாகிய என் வேலை. திருத்தியதை நல்ல தாளில் பகர்த்தி எழுதுவது செல்வதாஸின் வேலை. அவன் கையெழுத்து அவ்வளவு அழகு. திருத்திய மூலத்தாள்களைப் பின்னட்டையின் உட்பக்கம் ஒட்டிய உறையில் செருகி வைப்பது எங்கள் வழக்கம். தயவுசெய்து தாங்கள் இந்த உறையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

3. 1954 ஜூலையில் வந்த ஒன்பதாம் இதழில், நமது பகுதியில் சினிமா எடுக்க ஏற்ற இடங்களைப் பற்றிச் செல்வதாஸ் கட்டுரை எழுதினான். ‘படம் பிடிக்க ஏற்ற இடங்கள்’ என்பது அவன் இட்ட தலைப்பு. எனக்கு அது சப்பென்று இருந்தது. ஆங்கிலத்தில் இதைத் துப்பாக்கி சுடுவதற்கான சொல்லால்தானே சொல்கிறார்கள், தமிழில் நாம் ஏன் சொல்லக்கூடாது என்று எண்ணி, ‘சுட ஏற்ற இடங்கள்’ என்று மாற்றினேன். தலைப்போடு நின்றேனா என்றால் அதுவும் இல்லை. கட்டுரை முழுக்கப் ‘பிடிக்க’ வந்த இடமெல்லாம் அடித்துவிட்டுச் ‘சுட’ என்று எழுதினேன். புதுச்சொல் படைத்த மிதப்பில் இரண்டு நாள் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

4. அவ்வாறு திருத்தப்பட்டு, செல்வதாஸின் கையெழுத்தில், அவன் பெயரோடு வெளிவந்த கட்டுரையின் சில வரிகளை நினைவிலிருந்து தருகிறேன்:

“பத்மநாபபுரம் அரண்மனை: காலை பத்து மணிக்கு முன் சுட வேண்டும். வட்டக்கோட்டை: மதிலின்மேல் நின்று சுடுவது நல்லது. கோட்டாறு சந்தை: கூட்டம் நிறைந்திருக்கும் நேரத்தில் சுட்டால் சிறப்பாக இருக்கும்.”

5. ஐயா, அடுத்த மாதமே, அப்போது திருவனந்தபுரம் அரசின்கீழ் இருந்த இப்பகுதியில், சென்னை ராஜ்யத்தோடு சேரக் கோரிய போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போனதைத் தாங்கள் அறிவீர்கள். அதன்பின் மாணவர் விடுதிகள் சோதனையிடப்பட்டன. செல்வதாஸின் பெட்டியிலிருந்த ஒன்பது இதழ்களையும் எடுத்துச் சென்றார்கள். முதலில் படித்துப் பார்த்த அதிகாரி மலையாளம் பேசுபவர்; தமிழை எழுத்துக் கூட்டி வாசிக்க மட்டும் தெரிந்தவர். அவர் மொழியில் ‘சுடுதல்’ என்றால் தீயிடுதல். ஆகவே அது எரிக்க வேண்டிய இடங்களின் பட்டியல் என்று எழுதினார். அவர்மேல் குறை சொல்ல மாட்டேன். பிறகு தமிழ் தெரிந்த ஒருவரை அழைத்துக் காட்டினார்கள். அவர், ‘எரிக்க அல்ல, துப்பாக்கியால் சுட’ என்று திருத்திக் கொடுத்தார். உதவி செய்வதாகவே அவரும் எண்ணியிருப்பார்.

6. செல்வதாஸை மூன்று நாள் வைத்திருந்து விசாரித்தார்கள். அந்த மூன்று நாளும் காவல் நிலையத்துக்கு எதிரேயுள்ள காப்பிக் கடைவரை போய்ப் போய்த் திரும்பினேன். உள்ளே போய், அந்தச் சொல் என்னுடையது என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நான் பயந்துவிட்டேன். இதற்கு வேறு சொல் தேடவில்லை. வழக்கு ஏதும் போடாமல் நான்காம் நாள் அவனை விட்டார்கள். வெளியே வந்தவன் என்னைக் கண்டதும், “ரெண்டு பேரும் போனா பரீட்சை எழுத ஆருலே உண்டு? நீ பேசாம இரி, மக்கா” என்றான். நான் பேசாமல் இருந்தேன். கல்லூரி அவனை நீக்கியது. நான் தேர்வெழுதிப் பட்டம் பெற்றேன்.

7. இன்று அவன் கருங்கல் சந்தையில் ஒரு வாழைக்குலைக் கடையில் விலைப்பலகை எழுதுகிறான். அதே எழுத்துதான். அந்தப் பலகையை என்னால் நின்று படிக்க முடிவதில்லை.

8. சென்ற ஆண்டு கல்லூரி முதல்வரிடம் சென்று உண்மையைச் சொன்னேன். சிநேகிதனுக்காக அவன் பழியை நான் என்மேல் போட்டுக்கொள்வதாக எண்ணி, முதுகில் தட்டி அனுப்பிவிட்டார். இவ்வாண்டு மறுபடியும் சென்று மன்றாடியதில், என் சிவப்பு மைத் திருத்தம் உள்ள மூலத்தாளைக் கண்ணால் கண்டால் செல்வதாஸை வரும் ஜூனில் இறுதியாண்டில் சேர்த்துக்கொள்வதாகவும், டிசம்பர் 31-க்குப் பின் தம்மால் ஆகாது என்றும் கூறினார்.

9. அன்றுமுதல் அலைகிறேன். காவல் நிலையத்தில், தாள்கள் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டன என்றார்கள். திருவனந்தபுரம் சென்றேன். நவம்பர் முதல் தேதி இம்மாவட்டம் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்துவிட்டதால் கட்டுகள் நாகர்கோவிலுக்கே வந்துவிட்டன என்றார்கள். இங்குள்ள பதிவறையில் ஒரு கட்டைக் காட்டினார்கள். அதன் மேற்சீட்டில் மலையாளத்தில் கல்லூரியின் பெயரும் 1954 என்ற ஆண்டும் இருந்தன. எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியும். வாசித்தும் காட்டினேன். முத்திரையிட்ட கட்டைப் பிரிக்க உத்தரவில்லை என்றார்கள். யாருடைய உத்தரவு வேண்டும் என்று கேட்டதற்கு அங்கே பதில் சொல்லத் தெரிந்தவர் இல்லை. கட்டுக்கும் எனக்கும் இடையே ஒரு மேசைதான் இருந்தது.

10. நேற்று மீண்டும் சென்றபோது அங்குள்ள வயதான குமாஸ்தா என்மேல் இரக்கப்பட்டு ஒரு செய்தி சொன்னார். யாரும் உரிமை கோராத பழைய கட்டுகளை இம்மாதம் 29-ஆம் தேதி அழிக்கப் போகிறார்களாம். அவர் சொன்னதை அவர் வாயில் வந்தபடியே எழுதுகிறேன்: “அதெல்லாம் சுட்டுக் களஞ்சிருவாவ, மக்கா. நீ வெறுதே நடக்காத.” ‘களைவது’ என்றால் இங்கே போட்டுத் தொலைப்பது; ‘வெறுதே’ என்றால் வீணாக.

11. ஐயா, ‘சுட்டு’ என்ற அந்தச் சொல்லைக் கேட்டு, இரவே இம்மனுவை எழுத உட்கார்ந்துவிட்டேன். இரண்டரை ஆண்டாக, அதற்கு எரிப்பது என்ற பொருள் இல்லை, இல்லை என்று எனக்குள்ளே சொல்லி வந்தவன் நான். இம்முறை அவர் அதைச் சரியாகத்தான் சொன்னார்.

ஆகவே, 29-ஆம் தேதிக்கு முன் அக்கட்டைத் தங்கள் முன்னிலையில் பிரிக்க உத்தரவிடுமாறு கெஞ்சிக் கேட்கிறேன். இதழ்களைத் தர இயலாவிட்டால் அவற்றை அரசே வைத்துக்கொள்ளட்டும். ஒன்பதாம் இதழின் பின்னட்டை உறையிலுள்ள தாள்களை மட்டும் முதல்வருக்கு அனுப்பி வைத்தால் போதும். ‘பிடிக்க’ என்பது அவன் கையெழுத்து. அதை அடித்திருக்கும் சிவப்புக் கோடு என்னுடையது. அதற்குரிய தண்டனை எதுவாயினும் இம்மனுவையே என் வாக்குமூலமாகக் கொண்டு எனக்கு வழங்கலாம். இம்மனுவைப் பற்றிச் செல்வதாஸுக்குத் தெரியாது. தெரிந்தால் பேசாமல் இருக்கத்தான் சொல்வான்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கிப் பதிவறை வாசலில் காத்திருக்கும்,

(ஒப்பம்) ஞா. சுந்தர்சிங்
‘படநோக்கு’ ஆசிரியன்

இடம்: நாகர்கோவில்
நாள்: 19-12-1956