கடைசி எண்ணை மாற்றினால்

நவம்பர் 4, செவ்வாய்
பனியும் மழையும் கலந்து கொட்டுகிறது. வாடகை வீட்டுக்கு விண்ணப்பிப்பவர்கள் எங்கள் இணையதளத்தில் ஆவணங்களைப் பதிவேற்ற முடியவில்லையென்று இன்று மட்டும் பதினோரு புகார். எல்லாம் கைபேசியில் எடுத்த பெரிய பெரிய படங்கள். ஏற்கும் கோப்பு அளவைக் கூட்டிவிட்டேன். நான்கு காபி. முதுகு வலி.

நவம்பர் 5, புதன்
காலெர்வோ என்று ஒரு பெரியவர் தொலைபேசியில் பிடித்தார். ஓய்வுபெற்ற தபால்காரராம்.
"ஏம்மா, என் ஓய்வூதியச் சான்றிதழைத் திறக்க லிங்க்ல கடைசி எண்ணைத் தப்பா அடிச்சிட்டேன். யாரோ ஒரு பொண்ணோட டாக்டர் சீட்டு வருதே! நான் படிக்கல, சாமி சத்தியமா."
நானும் ஓர் எண்ணை மாற்றிப் பார்த்தேன். இன்னொருவர் சம்பளச் சீட்டு. உள்நுழையாமலே.
அந்தப் பக்கத்தை உடனே மூடினேன்.

நவம்பர் 6, வியாழன்
அந்தப் பகுதிக்கு நிரல் எழுதியது நான்தான். ஆறு வருடம் முன்பு. எல்லா ஆவணங்களையும் யாரும் எட்டக்கூடிய பொதுக் கோப்புறையில் போட்டு, 1, 2, 3 என்று எண்ணையே பெயராக வைத்திருக்கிறேன். 'இப்போதைக்கு' என்று பக்கத்தில் ஒரு குறிப்பு வேறு. எந்த இப்போதைக்கு, சொய்லே, என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.
மதியத்துக்குள் அந்தக் கோப்புறையை மூடினேன். பிறகு யார் எதைத் திறந்தார்கள் என்று காட்டும் சர்வர் பதிவுகளைத் திறக்கப் போனேன். மேலாளர் யார்மோ வந்து நின்றார்.
"அடைச்சாச்சுல்ல? அப்புறம் எதுக்குத் தோண்டுற?"
"யாராவது பார்த்தாங்களான்னு தெரிய வேண்டாமா?"
"தெரிஞ்சா விண்ணப்பிச்சவங்களுக்குச் சொல்லணும். புரியுதா?"
புரிந்தது. அதனால்தான் தோண்டினேன்.
போன திங்கட்கிழமை, ஒரே இணைப்பிலிருந்து, 340 ஆவணங்கள் வரிசையாகத் திறக்கப்பட்டிருக்கின்றன. கடைசியாக ஹன்னெலே என்ற பெண்ணின் வாடகை ஒப்பந்தம். அதோடு நின்றுவிட்டது. தேடியது கிடைத்த மாதிரி.
அவள் விண்ணப்பத்தில் ஒரு குறி இருக்கிறது: முகவரி ரகசியம், நீதிமன்ற உத்தரவு.
யார்மோவிடம் காட்டினேன். முகம் வெளுத்தது. "வர்ற திங்கக்கிழமை வக்கீலைக் கேட்டுட்டுச் சொல்லிக்கலாம். அதுவரைக்கும் வாயைத் திறக்காதே."
திங்கட்கிழமையா! அவ யாருக்குப் பயந்து அட்ரஸை மறைச்சாளோ, அதுக்குள்ள அவன் போய் நின்னுட்டா?
படிக்கட்டில் நின்று ஹன்னெலேயை அழைத்து, அவளுடைய ஆவணத்தை யாரோ திறந்திருப்பதைச் சொன்னேன்.
"எந்தப் பேப்பர்?"
"வாடகை ஒப்பந்தம்."
"அதுல அட்ரஸ் இருக்கே."
"ஆமா."
அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது.
"எப்படி ஆச்சு?"
கோளாறு என்று சொல்லியிருக்கலாம். "என் தப்பு. நான் எழுதின பகுதி."
"சரி. வைக்கிறேன். துணி எடுத்து வைக்கணும்."
திட்டியிருந்தால் தேவலாம்.

நவம்பர் 7, வெள்ளி
அரசின் தனியுரிமை அலுவலகத்துக்கு நடந்ததை நானே எழுதி அனுப்பினேன். யார்மோ என்னிடம் பேசவில்லை.

நவம்பர் 8, சனி
படுத்தே கிடந்தேன்.

நவம்பர் 12, புதன்
போலீஸிலிருந்து பதிவுகளைக் கேட்டு ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஹன்னெலேயின் முன்னாள் கணவன் அந்த வீட்டுக்கு வந்து கதவை உதைத்தானாம். உள்ளே யாருமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிட்டிருக்கிறார். அவனும் நம் தளத்தில் விண்ணப்பித்தவன்தானாம், அப்படித்தான் ஓட்டையைக் கண்டுபிடித்திருக்கிறான்.
கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நவம்பர் 20, வியாழன்
அனுமதியின்றி விண்ணப்பதாரரை அழைத்ததற்கு எழுத்துப்பூர்வமான எச்சரிக்கை. கையெழுத்துப் போட்டேன்.
"வேற யாரா இருந்தாலும் வேலையை விட்டே தூக்கியிருப்பேன்," என்றார் யார்மோ. பிறகு கீழே பார்த்துக்கொண்டு, "நீ கூப்பிட்டதும் நல்லதாப் போச்சு."

டிசம்பர் 3, புதன்
மூன்று வாரமாக இதே வேலை. 61,000 ஆவணங்களும் பொதுக் கோப்புறையை விட்டு வெளியே வந்தாயிற்று. யூகிக்க முடியாத பெயர்கள். ஒவ்வொரு முறையும் கேட்பது யாரென்று பார்த்துத்தான் திறக்கும். லிங்க் ஐந்து நிமிடத்தில் செத்துவிடும். கண் எரிகிறது.

டிசம்பர் 16, செவ்வாய்
புதிய விண்ணப்பங்களின் வரிசையில் ஹன்னெலேயின் பெயர். மூன்று ஆவணங்கள் பதிவேற்றியிருக்கிறாள். எங்களிடமே மறுபடியும்!
கைப்பழக்கத்தில் முதலாவதைச் சொடுக்கிவிட்டேன். 'இதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை' என்று வந்தது.
அவள் இப்போது எந்தத் தெருவில் இருக்கிறாளோ, எனக்குத் தெரியாது. ஐந்து மணிக்கே வீட்டுக்குக் கிளம்பினேன்.