கொழுப்பெடுத்தவள்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் நாம் உடனே கத்த ஆரம்பித்துவிடுகிறோம், அதனால்தான் கடிதம். பதறாமல் படி. எனக்குச் சினைப்பையில் கட்டி இருப்பதாக ஸ்கேனில் தெரிந்திருக்கிறது. ஆபரேஷன் செய்து எடுத்துப் பார்த்தால்தான் என்ன மாதிரிக் கட்டி என்று சொல்ல முடியுமாம். ரத்தத்தில் கொழுப்பும் எக்கச்சக்கம். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று ஒரு பத்திரிகையில் படித்தேன். சின்ன வயதிலிருந்து "உனக்குக் கொழுப்புடி" என்று திட்டுவாயே, பலித்துவிட்டது பார்!

இப்படிக்கு,
வாலு

மார்ச் 11

என் கண்ணான தங்கைக்கு,

மனதைத் தளரவிடாதே. நான் சொன்னதெல்லாம் விளையாட்டுக்கு. அந்த வார்த்தை இனி என் வாயில் வராது. டாக்டர் சொல்கிற நாளில் ஆபரேஷனை முடித்துக்கொள், செல்லம்.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 20

அக்கா,

செல்லமா? யாருக்கோ எழுதியது தப்பி என்னிடம் வந்துவிட்டதோ என்று கவரைத் திருப்பிப் பார்த்தேன்.

நல்ல சேதி. ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிட்டேன். எண்ணெய், வெண்ணெய், முட்டை எல்லாவற்றையும் தலைமுழுகியாயிற்று. ரத்தத்தில் கொழுப்பு பாதியாக இறங்கிவிட்டது! காரணம் போனால் கட்டியும் கரையும்தானே? என் தையல் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் "எப்படி இளைச்சீங்க?" என்று கேட்கிறார்கள். என் சட்டைகளுக்கெல்லாம் கை தொளதொளவென்று ஆகி, பிடித்துத் தைத்துவிட்டேன். இடுப்பு மட்டும் இறுக்கிப்போய், தையலைப் பிரித்துவிட வேண்டியிருந்தது. வாயுத் தொல்லை போலிருக்கிறது.

வாலு

ஏப்ரல் 24

வாலு,

கையைப் பிடித்து இடுப்பைப் பிரித்துவிடுகிற உடம்பு இளைத்த உடம்பா? வேறு யாராவது இந்த அளவோடு வந்து நின்றால் நீ சும்மா இருப்பாயா? உன் கடிதத்தை எங்கள் டாக்டரிடம் காட்டினேன். "ரெண்டுக்கும் தொடர்பு இருக்கலாம்னு சொல்றாங்க. எதனால எதுன்னு இன்னும் தெளிவாத் தெரியலம்மா. ஆனா கொழுப்பு இறங்கினா கட்டி கரையாது. நோய் முத்தும்போதும் சிலருக்கு அது இறங்கும். தள்ளிப்போட வேணாம்னு சொல்லுங்க" என்றார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. சனிக்கிழமை வருகிறேன். வேண்டாம் என்று மட்டும் சொல்லாதே.

அக்கா

மே 12

அக்கா,

நீ போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. ஆபரேஷன் செய்த வயிற்றுத் தையலைப் பிரித்துவிட்டார்கள். என் கடையில் யாராவது இப்படிக் கோணலாகத் தைத்தால் சும்மா விடுவேனா?

கட்டியின் பரிசோதனை முடிவை உன்னிடமே சொல்லும்படி டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன். தனியாகக் கேட்க எனக்குத் தைரியமில்லை. போனில் சொல்லாதே, நீ அழுதுவிடுவாய், எனக்கு ஒன்றும் புரியாது.

இங்கே இருந்த நாளெல்லாம் நீ ஒரு தடவைகூட என்னைத் திட்டவில்லை. பாலைப் படுக்கையில் கொட்டினேன், "பரவாயில்லடா கண்ணு" என்றாய். சாகப்போகிறவளிடம்தான் அப்படிப் பேசுவார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. இனி நீ கொஞ்சினால் நான் பிழைக்க மாட்டேன் என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

வாலு

மே 16

அடி கொழுப்பெடுத்தவளே!

கட்டி பொல்லாததுதானாம். ஆனால் வேறெங்கும் பரவவில்லை. மருந்து ஏற்றினால் நல்ல நம்பிக்கை இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். பத்திரிகையைப் படித்துவிட்டு வைத்தியம் பார்த்தாயே, உன்னை என்ன செய்தால் தகும்? நாளை முதல் ஒழுங்காகச் சாப்பிடு. மருந்து ஏற்றுகிற ஒவ்வொரு முறையும் வந்து பக்கத்தில் உட்காருவேன். பாலைக் கொட்டிப் பார், காதைத் திருகிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன்னைத் திட்டவே பிறந்தவள்