சாலையிலிருந்து ஆறு மீட்டர்

சந்தைச் சாலை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தெர்னா அண்ணாவுக்கு,

தங்கை இவெரென் எழுதுவது. அம்மாவும் நானும் சுகம். முதல் மழை பெய்துவிட்டது. தலைநகரில் உனக்கு இருமல் நின்றதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

போன மாதம் உன் அரசு அலுவலகத்திலிருந்து நீ அனுப்பிய சிறுதொழில் பதிவுப் படிவங்களைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. பதிந்தவர்களுக்கு மாநில அரசு கடனும் மின்சாரமும் தரும், நம் சாலையின் பெயர்கள் முதலில் வந்தால் உன் மேலதிகாரி மகிழ்வார் என்று எழுதியிருந்தாய். நான் வீடு வீடாகப் போய்ப் பேசினேன். பதினொரு கடைக்காரர்கள் சம்மதித்தார்கள். படிவங்களை நானே நிரப்பினேன்.

'சாலையின் நடுவிலிருந்து எத்தனை மீட்டர்' என்று ஒரு கட்டம் இருந்தது. புவியியல் ஆசிரியரிடம் அளவு நாடா கேட்டு வாங்கி வந்தேன். தையல்காரர் சிரித்தார்: "இருபதுன்னு போடும்மா, எவன் வந்து அளக்கப் போறான்?" அரசிடம் பொய் சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அம்மாவின் அரவை மில்லுக்கு ஆறு மீட்டர். அழகான கையெழுத்தில் எழுதினேன்.

ஒன்பது நாளுக்கு முன், வெள்ளிக்கிழமை, ஒரு வேன் வந்தது. இறங்கியவர்களிடம் சிவப்புப் பெயிண்டும் ஒரு பட்டியலும் இருந்தன. அவர்கள் எதையும் அளக்கவில்லை. பெயரை வாசித்தார்கள், சுவரில் பெருக்கல் குறி போட்டார்கள், கீழே '21 நாள்' என்று எழுதினார்கள். சாலையை அகலப்படுத்தப் போகிறார்களாம், அதற்குள் கடையைக் காலி செய்ய வேண்டுமாம். பதினொரு கடைக்கும் குறி விழுந்தது. ஹெம்பதூன் அக்கா சோளத்தில் கள் காய்ச்சி விற்கும் கொட்டகை நம் மில்லைவிடச் சாலைக்குக் கிட்டே இருக்கிறது. அவள் பதியவில்லை. அதைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றாள் அவள். "கட்டிக்கப் போறவனே வந்து நம்ம பேரைக் கேட்டாலும் நாலு நாள் யோசிச்சுத்தான் சொல்லணும். நீங்க கவர்மெண்டு கேட்டதும் அளந்து வேற கொடுத்தீங்களே!" யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே ஒரு சுரைக்குடுவை கள்ளோடு வெல்டிங் பட்டறை ஓர்துவென் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அண்ணா, அவர்கள் வாசித்த வரிசை நான் படிவங்களை அடுக்கிய வரிசைதான். தையல்காரருக்கு அடுத்து அம்மா, அதற்கடுத்து ஓர்துவென். நீ கொடுத்திருக்க மாட்டாய். உன் அலமாரியிலிருந்து வேறு யாரோ எடுத்திருப்பார்கள். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சாலை வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. பழைய சந்தைக்குப் பின்னால் அரசு நிலம் சும்மா கிடக்கிறது. அதையும் நாடா வைத்து அளந்தேன்: பதினொரு கடைக்கும் போதும், ஹெம்பதூன் அக்காவுக்கும் இடம் மிஞ்சும். அங்கே மின்கம்பம் மட்டும் இல்லை. அது இல்லாமல் ஓர்துவென் வெல்டிங் வைக்க முடியாது. இடம் இன்னாருக்கு என்று எழுத்தில் கொடுத்து, ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் வைத்தால், இடிக்க ஆள் வர வேண்டியதில்லை. அவர்களே பிரித்துக்கொண்டு போவார்கள். கடன்கூட யாரும் கேட்கவில்லை. இதை உன் மேலதிகாரியிடம் சொல். நிலத்தின் வரைபடத்தை இதோடு வைத்திருக்கிறேன். அந்தப் படிவங்களை வாங்கியவர்கள் இதையும் வாங்கட்டும். இன்னும் பன்னிரண்டு நாள்தான்.

அந்தப் படிவங்களை எனக்கு யார் கொடுத்தது என்று எல்லோரும் கேட்டார்கள். நான் வாய் திறப்பதற்குள் அம்மா, "நான்தான் கேட்டு வாங்கினேன். திட்டணும்னா என்னைத் திட்டுங்க" என்றாள். மறுநாளும் வழக்கம்போல விடியற்காலையில் மில்லை ஓட்டினாள். மற்றவர்கள் குறியைச் சுரண்டிப் பார்க்கிறார்கள். அவள் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்புவதே இல்லை.

லாரிக்காரரிடம் சோயா மாவு கொடுத்தனுப்பியிருக்கிறாள். காலையில் முதல் அரவை உனக்குத்தான். பையைக் கட்டும்போது, "அவன் நல்லா சாப்பிடணும்" என்றாள்.

உன் பெயரை அவள் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை, அண்ணா. பேச வேண்டிய இடத்தில் பேசும் தைரியத்தைக் கடவுள் உனக்குத் தரட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் தங்கை,
இவெரென்