ஐந்து மணி பஸ்

முருகன் துணை

மேல்பிரிவு லயம்,
பொகவந்தலாவை.
1959 புரட்டாசி, ஞாயிற்றுக்கிழமை.

என் பிரியமுள்ள தம்பி ஆண்டியப்பனுக்கு,

ஒரே வார்த்தையில் எழுது என்று நீ பாட்டுக்குச் சொல்லிவிட்டாய், தம்பி. கொழும்பில் கடைக்குள் நின்று அரிசி இருக்கா, இருக்கு, சீனி இருக்கா, இல்லை என்று பேசிப் பழகினவனுக்கு ஒரு வார்த்தை போதும். எனக்கு எப்படிப் போதும்? உன் மகள் நாகலெட்சுமி முதல் ஐந்துக்கு ஏற்ற ஆளா, இல்லையா என்று கேட்டிருக்கிறாய். நேற்று அவளுடைய ஹட்டன் பள்ளிக்கூடத்தில் என் கண்ணாலேயே கூடைப்பந்து ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். காலையிலிருந்து ஆள்தான் என்று ஒரு தடவையும், இல்லை என்று ஒரு தடவையும் சொல்லிக்கொண்டு காம்பராவுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறேன். அடுப்பில் வைத்த பருப்பு அடிப்பிடித்துவிட்டது. நாகலெட்சுமி தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் எழுதிவிட வேண்டும்.

நீ சுகமா? இருமல் விட்டதா? இங்கே அம்மன் புண்ணியத்தில் எல்லோரும் சுகம். மழைதான் விடமாட்டேன் என்கிறது. நேற்று நான் தலைவலி என்று கங்காணியிடம் சொல்லிவிட்டுத்தான் ஹட்டனுக்குப் போனேன். பொய்தான். போகிற வழியில் கோயில் வாசலில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். திரும்பி வரும்போது உண்மையாகவே தலைவலி வந்துவிட்டது. சாமியிடம் கணக்குத் தீர்ந்தது.

முன்பு நாவலப்பிட்டி ஆட்டத்தில் நடந்ததை லொறிக்கார மூக்கன் உன்னிடம் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. "உன் மக பந்தப் பின்னால போட்டு எதிராளிய ஜெயிக்க வச்சாளாமே, அவங்க மெடல் குடுத்தாங்களா?" என்று கேட்டானாம். அவன் லொறியைப் பின்னுக்கு எடுத்து தேயிலை இஸ்டோர்க் கதவை உடைத்ததை நாம் யாருக்காவது எழுதினோமா? அன்றைக்கு உண்மையில் நடந்தது இது. கடைசிக் கொஞ்ச நேரத்துக்குத்தான் நாகலெட்சுமியை இறக்கினார்கள். பந்து கைக்கு வந்தது. நாலு பேர் முன்னால் வந்து மறித்தார்கள். இவள் கை தன்பாட்டில் தோளுக்கு மேலே போய், பந்தைப் பின்னால் எறிந்துவிட்டது. திரும்பிப் பார்க்கவே இல்லை. பின்னால் நின்றது எதிராளிப் பிள்ளை.

அது ஏன் என்று உனக்கும் எனக்கும் தெரியும். லீவு வந்தால் போதும், சின்ன வயதிலிருந்தே இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு என்னோடு மலைக்கு வந்து கொழுந்து எடுத்தவள். கை நிறைந்தால் தோளுக்கு மேலே பின்னால் போடுகிறோம். கூடை முதுகில் இருக்கிறதா என்று எந்தப் பொம்பிளை திரும்பிப் பார்க்கிறாள்? அது கைக்குத் தெரியும். நம் லயத்து மீனம்மாவுக்கு இதெல்லாம் எங்கே விளங்கும்? "கொழுந்துக் கூடை தூக்கவேண்டிய புள்ள, கம்பியில கட்டின கூடையில பந்து போடப் போனா இப்படித்தான்" என்று காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை விரதம். இல்லாவிட்டால் நல்ல பதில் சொல்லியிருப்பேன்.

நீ கோபத்தில் எழுதினதையும் நான் தப்பாக எடுக்கவில்லை. முதல் ஐந்தில் நிற்கத் தகுந்தவள் என்றால் படிக்கட்டும், இல்லையென்றால் மாசக் கடைசியில் கணக்கப்பிள்ளை கணேசமூர்த்தியிடம் சொல்லித் தோட்டத்தில் பேர் பதிந்துவிடு என்கிறாய். அவரும் நேற்று முன்தினம் என்னை நிறுத்தி, "என்ன பேச்சியம்மா, மருமக வர்றாளா இல்லையா? எடத்துக்கு வேற ஆள் கேக்கிறாங்க" என்றார். ஒரு பக்கம் அவர் நிற்கிறார், மறுபக்கம் பந்து பழக்குகிற டீச்சர் நிற்கிறார். நடுவில் நான்.

முதல் ஐந்து என்றால் என்ன என்று நீ கேட்டிருந்தாய். ஆட்டம் தொடங்கும்போதே இறங்குகிற ஐந்து பிள்ளைகள்தான் முதல் ஐந்து. மற்றவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து, யாருக்காவது கால் பிசகினால்தான் எழும்பலாம். கண்டிக்குப் போகிற ஆட்டத்தில் முதல் ஐந்தில் நிற்கிற பிள்ளைகளுக்குக் கான்வென்டுச் சிஸ்டர் போர்டிங் விடுதியில் கட்டில் கொடுப்பாராம். அங்கேயே தங்கி, பரீட்சை முடியும்வரை படிக்கலாம். பெஞ்சில் இருக்கிறவளுக்குக் கட்டில் இல்லை.

இரு, கதவில் சத்தம். அவள் இல்லை, பக்கத்துக் காம்பரா ராக்காயி நெருப்புக் கேட்டு வந்தாள். என்ன எழுதுகிறாய் என்று எட்டிப் பார்த்தாள். தம்பிக்குச் சுகம் விசாரித்து எழுதுகிறேன் என்றேன்.

சரி, நேற்றைய கதை. நுவரெலியாப் பிள்ளைகள் மழையில் பிந்தி வந்தபடியால் நாலு மணிக்கு மேல்தான் ஆட்டம் தொடங்கியது. நான் முந்தானையில் விபூதி முடிந்து கொண்டுபோயிருந்தேன். நம் பிள்ளைகள் எந்தப் பக்கத்து வளையத்தில் பந்து போடுகிறார்கள் என்று நன்றாகப் பார்த்து, யாரும் காணாமல் அந்தக் கம்பத்தில் மூன்று விரலால் இழுத்துப் பூசினேன். கந்தா என்று மனசுக்குள் கூப்பிட்டேன். நல்லபடியாகத்தான் போனது. பாதி ஆட்டம் முடிந்ததும் விசில் ஊதி, இரண்டு கூட்டமும் பக்கம் மாறிவிட்டார்கள், தம்பி! என் விபூதிக் கம்பம் எதிராளிக்குப் போய்விட்டது. யாரிடம் போய் முறையிடுவது? ஓடிப்போய் முந்தானையால் துடைத்தேன். வெள்ளைக்காரச் சிஸ்டர் பார்த்துவிட்டார். தூசி என்றேன். நேற்று அது இரண்டாவது பொய்.

நாகலெட்சுமி அதுவரைக்கும் பெஞ்சில்தான். பிறகு, தபால் கந்தோரில் இருக்கிறாரே துரைராசா ஐயா, அவர் மகள் குணபூசணிக்குக் கால் பிசகிவிட்டது. செல்வமலர் டீச்சர் இவளைப் பார்த்துத் தலையை அசைத்தார். இவள் எழும்பிப் போனாள். நாவலப்பிட்டியில் மறித்த மாதிரியே இங்கேயும் மறித்தார்கள். பந்து இவள் கையில். கை தோளுக்கு மேலே போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பிள்ளைகள் கத்தின சத்தத்தில் கண்ணைத் திறந்தால், பந்து வளையத்துக்குள்ளே விழுகிறது! இவள் பின்னால் எறிந்த இடத்துக்குக் குசுமா ஓடிவந்து பிடித்து, போட்டுவிட்டாளாம். பஜார் பேக்கரியில் பாண் போடுகிறவருடைய மகள் அந்தக் குசுமா. சிங்களப் பிள்ளை, நல்ல உயரம். பிறகும் இதே மாதிரிப் போட்டார்கள். நுவரெலியாப் பிள்ளைகள் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் சுற்றினார்கள். இன்று காலையில் நான் அவளிடம் இதைக் கேட்டபோது என்ன சொன்னாள் தெரியுமா? "முதுகில கூட இருக்குன்னு நம்பித்தானே அத்தை கொழுந்தப் போடுறீங்க. நாவலப்பிட்டியில என் முதுகில கூட இல்ல. இப்ப குசுமா இருக்கா. தெனம் நாங்க பழகினோம்" என்றாள். பையிலிருந்த சீனி முட்டாசியைக் கொடுத்தேன்.

இந்த இடத்தோடு கடிதம் முடிந்திருந்தால் ஆள்தான் என்று எழுதி ஒட்டியிருப்பேன். முடியவில்லையே.

பொகவந்தலாவைக்குக் கடைசி பஸ் ஐந்து மணிக்கு. டிரைவர் பண்டா நல்ல மனுஷன். பள்ளிக்கூடப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று புறப்படுவதற்கு முன்னால் நீட்டி ஒரு ஹாரன் அடிப்பான். அது மேலே பள்ளிக்கூடம்வரை கேட்கும். நேற்றும் அடித்தான். ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். நம் பிள்ளைகள் ஒரு புள்ளி முன்னால். பந்து இவள் கையில். ஹாரன் கேட்டதும் இவள் பள்ளிக்கூடக் கேட்டுப் பக்கம் பார்த்தாள். பந்தை மெதுவாகக் கீழே வைத்தாள், தம்பி. கோவிலில் தேங்காயை வைப்பது மாதிரி. பெஞ்சுக்கு ஓடிப் பையை எடுத்தாள், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "நங்கி, யண்ட எப்பா!" தங்கச்சி, போகாதே, போகாதே என்று குசுமா சிங்களத்தில் கத்துகிறாள். இவள் காதில் விழவில்லை. நாலு பேர் நின்று ஆடினார்கள். கடைசியில் எதிராளி போட்ட ஒரு கூடையில் தோற்றார்கள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பிள்ளைக்கு விளங்கியது. முகம் வெளுத்துவிட்டது. "நான் ஓடினது எனக்கே தெரியாது அத்தை. ஹாரன் கேட்டுச்சு, காலு போயிருச்சு" என்றாள். தினமும் பந்து பழகும்போது பாதியிலேயே இந்த ஹாரனுக்குத்தானே விட்டுவிட்டு ஓடுகிறாள். ஓடாமல் என்ன செய்வாள்? பஸ் வருகிற நேரத்துக்கு நான் டோர்ச் லைட்டோடு ரோட்டு முடக்கில் நிற்பேன். பஸ்ஸில் இறங்கினவுடன் என் கையைத்தான் முதலில் பிடிப்பாள். மூடுபனியில் அத்தை தனியாக நிற்பாளே என்று பிள்ளைக்குப் பயம்.

செல்வமலர் டீச்சர் மூச்சு வாங்க பஸ்வரைக்கும் வந்துவிட்டார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். பண்டாவை ஒரு நிமிஷம் நிற்கச் சொல்லிவிட்டு, ஜன்னல் வழியாக என்னிடம்தான் பேசினார். யாழ்ப்பாணத்துப் பேச்சு, பாதிதான் விளங்கும் எனக்கு. ஆனால் இது முழுதும் விளங்கியது. "அம்மா, நான் இவளுக்கு அரைவாசி விளையாட்டுத்தான் பழக்கியிருக்கிறன். மிச்ச அரைவாசி ஒவ்வொரு நாளும் இந்த பஸ்ஸில ஏறிப் போகுது. போர்டிங்கில விடுங்கோ, கண்டியில முதல் ஐஞ்சிலேயே இறக்குறன். விடாட்டி இறக்கேலாது. தகப்பனிட்டக் கேட்டு வாற சனிக்குள்ள சொல்லுங்கோ" என்றார். நாகலெட்சுமி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ராத்திரி ரொட்டியைப் பாதியோடு வைத்துவிட்டாள்.

தம்பி, நான் கெட்டியாகத்தான் யோசித்தேன். போர்டிங்கில் சிலுவை போடச் சொல்வார்களா என்று குணபூசணியின் அம்மாவிடம் முன்னமே விசாரித்து வைத்திருக்கிறேன். சொல்லமாட்டார்களாம், அவரவர் சாமி அவரவருக்காம். சின்ன டப்பாவில் விபூதி கொடுத்துவிடலாம். குளிருக்கு உன் பழைய கம்பளிச் சட்டையைப் பிரித்துத் தைக்கலாம். செத்துப்போன வேலாயி இருந்தால் அவளிடம் கேட்டிருக்கலாம். பெற்றவளுக்குத்தான் இதெல்லாம் தெரியும். நான் வளர்த்தவள், எனக்கு என்ன தெரியும்?

என்னைப் பற்றி நீ யோசிக்காதே. எனக்கு ஒரு ரொட்டி தட்டினால் போதும். சாயந்திரம் விளக்கு வைக்க ஆளில்லையே என்று எழுதாதே, நானே வைப்பேன். ராக்காயி பக்கத்தில்தானே இருக்கிறாள். ரோட்டு முடக்கில் நிற்கிற வேலையும் மிச்சம். டோர்ச் லைட்டுக்கு பேட்டரி மாற்ற வேண்டாம். பழக்கத்தில் ஒன்றிரண்டு நாள் போய் நின்றாலும் நிற்பேன். அதற்கு என்ன, காற்று வாங்கின மாதிரி.

நீ ஒரே வார்த்தை கேட்டாய். சரி, எழுதுகிறேன். ஆள்தான்.

நாவலப்பிட்டியையும் மூக்கனையும் மறந்துவிடு. சிஸ்டருக்கு உன் கையாலேயே இரண்டு வரி எழுதி உடனே அனுப்பு. கணேசமூர்த்தியிடம் நான் பேசிக்கொள்கிறேன். அவருக்கு ஆள் வேண்டுமென்றால் மீனம்மாவின் மகள் இருக்கிறாள். பிள்ளை வாசலில் குடத்தை இறக்குகிற சத்தம் கேட்கிறது. நான் என்ன எழுதினேன் என்று அவளிடம் சொல்லமாட்டேன். உன் கடிதம் வந்து அவளே தெரிந்துகொள்ளட்டும்.

கதிர்காமத்தான் உன் நெஞ்சுச் சளியை ஆற்றி, என் பிள்ளை போகிற இடமெல்லாம் அவள் முதுகுக்குப் பின்னால் யாராவது ஒருத்தர் நிற்கும்படி பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு, உன் நன்மையே வேண்டும்
அக்கா பேச்சியம்மா

கடிதத்தை மடிக்கும்போதுதான் ஒன்று ஞாபகம் வருகிறது. நேற்று ஹாரன் கேட்டதும் முதலில் எழும்பினது அவள் இல்லை, தம்பி. நான்தான். பையையும் குடையையும் தூக்கிக்கொண்டு கேட்டுவரைக்கும் வந்துவிட்டேன். அங்கே நான் நிற்பதைப் பார்த்த பிறகுதான் அவள் பந்தைக் கீழே வைத்தாள்.