தொள்ளாயிரம் டிகிரிச் சாம்பல்

நாள் 212. காலை 06:10
செவ்வாய்க் கிரகக் குடியிருப்பு, உமி அடுப்பு அறை. பதிவு: பொறியாளர் மங்கையர்க்கரசி. எரித்த உமி நாற்பது கிலோ. வெப்பம் எழுநூறு டிகிரிக்குள். சாம்பல் எட்டு கிலோ, நல்ல தரம். சுண்ணாம்போடு சேர்த்தால் கல்லாக இறுகும். அடுப்பின் சூடு கூடத்துக்கு, சாம்பல் சுவருக்கு. நெல் விளைகிறவரை பயமில்லை.

நாள் 219. காலை 07:30
கூடத்தில் இருக்கும் முப்பத்தொரு பேருக்கும் குளிர்கிறதாம். தலைவர் வல்லவராயனின் செய்தி: "அடுப்பத் தொள்ளாயிரத்துக்கு ஏத்து. ஜனங்க நடுங்குது."
அவ்வளவு சூட்டில் சாம்பல் செத்துவிடும், சுண்ணாம்போடு ஒட்டாது என்றேன்.
"சாம்பல்ல என்னம்மா நல்லது கெட்டது?"
அறிவுகெட்ட மனுஷன். ஏற்றினேன்.

நாள் 226. பகல் 11:00
அந்தச் சாம்பலில் வார்த்துக் காயவைத்த கல்லை வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் கரைந்து சேறாகிவிட்டது. இதை வைத்தா கூடத்தின் மேற்குச் சுவரைப் புதிதாகக் கட்டப்போகிறார்கள்? வல்லவராயனிடம் மறுபடியும் சொன்னேன்.
"சும்மா நொய்நொய்னு பேசாத. சோதனைத் தாள்ல கையெழுத்தப் போடு."
அவர் பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நாள் 227. காலை 08:05
போட்டேன். 'கல் உறுதி' என்று என் கைப்பட எழுதினேன். பட்டால்தான் இவர்களுக்குப் புத்தி வரும். நாலு விரிசல் விடட்டும், ஓடி வந்து மன்னிப்புக் கேட்கட்டும்.
என் அடுப்பு அறைச் சுவர் பழைய எழுநூறு டிகிரிக் கல்.

நாள் 240. பிற்பகல் 15:20
என் தாளை நம்பிக் கூடத்தின் காற்றழுத்தத்தை இன்று ஏற்றியிருக்கிறார்கள். விரிசலெல்லாம் விடவில்லை. மேற்குச் சுவர் மொத்தமாகச் சரிந்துவிட்டது. ஐயோ, மொத்தமாக.

15:24
தப்பியவர்கள் நடைவழியாக என் கதவுக்கு வந்துவிட்டார்கள். அங்கேயும் காற்று வெளியேறிக்கொண்டிருக்கிறது. ஒலிபெருக்கியில் வல்லவராயன்: "மங்கை, கதவத் தெறம்மா. நீ சொன்னதுதான் சரி. தெறம்மா."
இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். திறந்தால் என் அறைக் காற்றும் போய்விடும். தாழ்ப்பாளில் கை வைத்தேன். எடுத்துவிட்டேன். மறுபடி வைத்...

15:31
தட்டுவது நின்றுவிட்டது.
அடுப்பு இன்னும் தொள்ளாயிரத்தில் எரிகிறது. குறைக்கச் சொல்ல யாரும் இல்லை, ஏற்றச் சொல்லவும் யாரும் இல்லை. எனக்கு வியர்க்கிறது.