பூஜைக்குப் போன ரூட்டர்

நெம்மக்கோட்டை,
திருவரங்குளம் வழி,
ஐப்பசி 3

இதனால் சகலருக்கும், குறிப்பாகச் சிங்கப்பூரில் ஒன்பதாவது மாடியில் குடியிருக்கும் என் அண்ணன் சிவபிரகாஷ் அவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், நம் வீட்டில் ஆறு வருடம் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்த பழைய ரூட்டர் ஆவணி மாதம் இயற்கை எய்தியது. அன்னாரின் இடத்தில் நான்கு கொம்பு முளைத்த புதியவர் பொறுப்பேற்றுள்ளார். பொறுப்பேற்க வைத்தவன் அடியேன், உன் தம்பி நல்லதம்பி.

இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டியதும் அம்மா, "டேய், என் கடுதாசில ஒன் கூத்தக் காட்டாத, நலம் விசாரிச்சு எழுது" என்றாள். தேங்காய் கீறும்போது கத்தி பட்டுக் கட்டைவிரலில் கட்டுப் போட்டிருக்கிறாள், அதனால் சொல்வது அவள், எழுதுவது நான். நீ சுகமாக இருக்கிறாயா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இருமல் விட்டதா என்று கேட்கச் சொல்கிறாள். இங்கே எல்லோரும் சுகம்தான். அப்பாவுக்கு முழங்கால் வலி, செவலை மாடு கன்று போட்டிருக்கிறது, மழை வருகிற மாதிரி வந்துவிட்டுத் திருமயம் பக்கம் போய்விடுகிறது. நீதான் எங்கள் போனை எடுப்பதில்லை. அதனால்தான், இந்தக் காலத்தில் யாரும் செய்யாத காரியமாகக் காகிதத்தில் எழுதி, உன் கம்பெனியிலேயே வேலை பார்க்கும் கீரனூர் பிராங்க்ளின் அண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறோம். வெள்ளிக்கிழமை திருச்சியில் விமானம் ஏறுகிறார். பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் தனியாகக் கட்டியிருக்கிறது.

புது ரூட்டர் எதற்கு என்று உனக்குத் தெரியும். அரிமளத்தில் பெண் பார்த்து உன்னைக் கேட்காமலே அப்பா வாக்குக் கொடுத்ததும், நீ முடியாது என்றதும், அவர் "இனிமே எனக்குப் போன் போடாத" என்று சொன்னதும் எட்டு மாதக் கதை. அன்றிலிருந்து சரஸ்வதி பூஜை வரை நீ அம்மாவிடம் மட்டும் பேசினாய், அப்பா கொல்லையில் மாட்டுக்கொட்டகைப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, பேசி முடிந்த பிறகு "என்னவாம்?" என்று மட்டும் கேட்பார். "இங்கிட்டு அவரு, அங்கிட்டு அவன், நடுவுல நின்னு நின்னு எனக்கு அலுத்துப்போச்சுடா" என்று அம்மா சொல்கிறாள், இதை அப்படியே எழுதச் சொன்னாள். அவள் உன்னிடமும் அப்பாவிடமும் தனித்தனியாகக் கெஞ்சி, சரஸ்வதி பூஜையன்று சாயங்காலம் ஆறு மணிக்கு நீ அப்பாவைக் கூப்பிடுவதாக முடிவானது. வீட்டில் டவர் எடுக்காது, பழைய ரூட்டர் கூடத்தைத் தாண்டாது, அப்பாவோ கொட்டகையைத் தாண்டி வரமாட்டார். ஆகவே அவர் இருக்கும் இடத்துக்கு நெட் போக வேண்டியதாயிற்று.

அதைச் செய்த விதத்தை நீ பார்த்திருக்க வேண்டும் அண்ணே. கம்பத்திலிருந்து ஒயர் வரும் வெள்ளைப் பெட்டியை முன்னறையிலிருந்து நடைக்கு மாற்றி, ரூட்டரைப் பரண் விளிம்பில் ஏற்றி, கொம்புகளை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பித் திருப்பிப் போனைப் பிடித்துக்கொண்டு கொட்டகை வரை எத்தனை கோடு விழுகிறது என்று நடந்து நடந்து பார்த்தேன். "சர்வேயர் மாதிரி வீட்ட அளக்குறான், பட்டா மாத்தப் போறானோ" என்றாள் அம்மா. செவலை மாட்டின் முகத்துக்கு நேராக முழுக் கோடு. பாஸ்வேர்டு மட்டும் 'அப்பாவிடம் கேள்' என்று சேர்த்து எழுதி வைத்தேன். பக்கத்து வீட்டு ராஜலட்சுமி அக்கா பாஸ்வேர்டு கேட்டார், அப்பாவிடம் கேள் என்றேன், நேராகப் போய் அப்பாவிடமே கேட்டார். "எனக்கு என்னத்தா தெரியும், அந்தக் களவாணிப்பயகிட்டக் கேளு" என்று அவர் திருப்பி அனுப்ப, நான் மறுபடி அப்பாவிடம் கேள் என்க, மூன்று நடை நடந்தார். நான்காவது நடையில் விளக்குமாறோடு வந்தார்.

பூஜையன்று நடந்ததை அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அப்பா அஞ்சரைக்கே குளித்து, கல்யாணத்துக்குப் போகிற வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, போனைத் துண்டால் துடைத்து எதிரே ஸ்டூலில் வைத்து உட்கார்ந்துவிட்டார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டக்கூட எழுந்திருக்கவில்லை. எட்டரை வரை உட்கார்ந்திருந்தார். பிறகு "அவன் கூப்புட மாட்டான்னு எனக்குத் தெரியும்" என்று சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் பூஜையைப் பிரிக்கும்போதுதான், புத்தக அடுக்குக்குள் என் பிசிக்ஸ் புத்தகத்துக்குக் கீழே, சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்து ரூட்டர் அணைந்து கிடந்தது தெரிந்தது. மாட்டி ஆன் செய்ததும் அப்பாவின் போன் ஓயாமல் கத்தியது. உன்னுடைய அழைப்பு பதினொன்று.

அப்பா அதைப் பார்த்தார். கொட்டகைக்குப் போய் அவரே உன்னைக் கூப்பிட்டார் அண்ணே. மூன்று தடவை. நீ எடுக்கவில்லை. 'வேணும்னே நெட்ட அணச்சிட்டு உக்காந்திருக்காரு, இனி என்னத் தேடாதீங்க' என்று அம்மாவுக்கு மட்டும் எழுதிப் போட்டாய். அதிலிருந்து இந்த வீட்டில் யாரும் யாரையும் திட்டுவதில்லை. என்னைக்கூடத் திட்டுவதில்லை. திட்டு விழாத வீட்டில் குடியிருப்பது எவ்வளவு அலுப்பு என்று உனக்குத் தெரியாது.

இப்போது அம்மா சொல்வது: "அப்பா மேல தப்பு இல்லப்பா. நாந்தான் கத்தி, மம்பட்டியெல்லாம் வைக்கும்போது அதையும் சேத்து வச்சிட்டேன். பூஜையில வச்சத மறுநா வரைக்கும் தொடக் கூடாதுல்ல. எம்புத்திதான் கெட்டுப்போச்சு. நீ ஒரே ஒரு வாட்டி அவரு போன எடுத்துரு, அவரு பேசாட்டியும் நீ பேசு." தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டுமாம், ராத்திரி ஷிப்டுக்கு வெறும் வயிற்றோடு போகக் கூடாதாம், தீபாவளிக்கு வர முடியாவிட்டாலும் அன்றைக்கு நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டுமாம். அரங்குளநாதர் துணையிருந்து நீ நீண்ட ஆயுசோடு, மனக்குறை இல்லாமல் இருக்க வேண்டும் என்று இரண்டு கையையும் தூக்கி ஆசீர்வாதம் செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பா கூப்பிடுவார், மறந்துவிடாதே.

கட்டுப்போட்ட விரலோடு கையெழுத்திடும்
உன் அம்மா,
செவந்தி

அண்ணே, அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இனி வருவதை அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை. ரூட்டரைப் பூஜையில் வைத்தது அவள் இல்லை. அப்பாதான் வீம்புக்கு வைத்திருப்பார் என்று அவளாக நினைத்துக்கொண்டு, நீ அவரை அடியோடு வெறுத்துவிடக் கூடாதே என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறாள். அப்பாவும் வைக்கவில்லை. அன்றைக்கு மூன்று மணிக்கு எனக்கு டியூஷனில் ஆன்லைன் டெஸ்ட். புத்தகத்தைப் பூஜையில் வைத்தால் படிக்க வேண்டியதில்லை, ரூட்டரையும் வைத்துவிட்டால் எழுத வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டேன். ஐந்து மணிக்கு எடுத்து மாட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். கிரிக்கெட்டிலும், இருட்டிய பிறகு கூட்டாளி வீட்டுப் பொரி சுண்டலிலும் மறந்துவிட்டது. ஒன்பது மணிக்குத் திரும்பி வந்தபோது கொடியில் வெள்ளைச் சட்டை தொங்கியது, அதைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை. இன்று வரை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ எடுத்தால், அப்பா பக்கத்தில் நின்று உங்கள் இரண்டு பேரிடமும் நானே சொல்கிறேன், அடி விழும் சத்தம் உனக்கும் கேட்கும். இன்னொன்று. மேலே அளந்ததையும் நம்பாதே. பெட்டியை மாற்றியது, மாட்டியது, கொம்பைத் திருப்பியது எல்லாம் கேபிள் செபமாலை அண்ணன். நான் ஏணியைப் பிடித்தேன், பாஸ்வேர்டு வைத்தேன். அணைத்தது மட்டும்தான் யார் உதவியும் இல்லாமல் நானே செய்தது.